வீட்டில் பதிந்த குரலும் ஈக்யூவும்: பணத்தையும் தூக்கத்தையும் விடுவதற்கு முன்

கரோக்கே ட்ராக் ஒன்றை இறக்கி, படுக்கையறையில் மைக் வைத்துப் பாடி, ரீப்பர், எஃப்எல் ஸ்டுடியோ போன்ற ஒலிப்பதிவு மென்பொருளில் போட்டுக் கேட்கும்போது முதலில் வருவது வெட்கம்தான். பாடும்போது நன்றாக இருந்த குரல், ட்ராக்கோடு சேர்ந்ததும் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். சத்தத்தைக் கூட்டினால் துருத்திக்கொண்டு நிற்கும், குறைத்தால் வார்த்தை கேட்காது. யாரைக் கேட்டாலும் "ஈக்யூ பண்ணுங்க" என்பார்கள். ஈக்யூ என்றால் ஈக்வலைசர், ஒலியில் எந்த அலைவரிசையைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று மாற்றும் கருவி. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, 300-ஐக் குறை, 3 கிலோஹெர்ட்ஸை ஏற்று, 12-ல் கொஞ்சம் பளபளப்பு கொடு என்று எல்லா வீடியோவிலும் அதே பட்டியல்தான். அதைப் போட்டு, மாற்றி, மறுபடி மாற்றி, ராத்திரி இரண்டு மணிக்கு "ஆச்சு" என்று படுத்துவிட்டுக் காலையில் போனில் கேட்டால் குரலில் சதையே இருக்காது. பணம் போக ஆரம்பிப்பது அதற்குப் பிறகுதான். முதலில் சுவரில் ஒட்டும் ஃபோம், அடுத்து விலை கூடிய ஈக்யூ பிளக்-இன் (மென்பொருளுக்குள் சேர்க்கும் துணைக் கருவி), கடைசியில் புது மைக். தனியாக இந்த வேலையில் இறங்கும் பெரும்பாலானோர் இதே வரிசையில்தான் பணத்தை விடுகிறார்கள். வரிசையே தலைகீழ்.

பிளக்-இன்னைப் பற்றிய மயக்கத்தை முதலில் தீர்த்துக்கொள்ளலாம். ரீப்பரோடு வரும் ரீஈக்யூ இந்த வேலைக்குத் தாராளம். ரீப்பரை 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், அதன் பிறகு சலுகை லைசென்ஸ் 60 டாலர். டைனமிக் ஈக்யூ (அந்த அலைவரிசை அளவு மீறும்போது மட்டும் அமுக்குவது) வேண்டுமென்றால் டோக்கியோ டான் லேப்ஸின் நோவா இலவசம். இந்த இரண்டும் இருக்கும்போது ஈக்யூவுக்கென்று தனியாகக் காசு கொடுக்கத் தேவையே இல்லை. விலை கூடிய பிளக்-இன்களில் திரை அழகு, வேலை வேகம். ஒலி வித்தியாசம் உங்கள் அறையில், உங்கள் ஹெட்ஃபோனில் தெரியப்போவதில்லை.

அறைதான் நிஜமான எதிரி. நம் வீடுகளில் 10-க்கு 10 அறை சகஜம், உயரமும் ஏறக்குறைய அதே. 10 அடி என்றால் 3.05 மீட்டர். நம் ஊர் வெயிலில் ஒலி விநாடிக்கு 349 மீட்டர் வாக்கில் போகும். அதை அறை நீளத்தின் இரட்டிப்பால் வகுத்தால் 57 ஹெர்ட்ஸ், சுவர்களுக்கிடையே மோதித் திரும்பி வலுக்கும் முதல் அலைவரிசை அதுதான். அதன் மடங்குகள் 114, 171. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருப்பதால் மூன்று திசையிலும் அதே எண்களே திரள்கின்றன. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் குரலுக்கு மத்திய ஸ்தாயி மத்யமம் சுமார் 175 ஹெர்ட்ஸ். அதனால் அந்த அறையில் மத்யமத்தில் நிற்கும்போதெல்லாம் குரல் திடீரென்று வீங்கும், பக்கத்துக் காந்தாரமும் பஞ்சமமும் சாதாரணமாக இருக்கும். இதை 170-ல் நிரந்தரமாக வெட்டிச் சரிசெய்யப் பார்த்தால், வீங்காத ஸ்வரங்களில் உடம்பு போய்விடும். அந்த ஒரு ஸ்வரம் வரும்போது மட்டும் 3, 4 டெசிபல் அமுக்கும்படி டைனமிக் ஈக்யூ வைக்கலாம். அதைவிட, மைக்கை அறையின் நடுவிலும் மூலையிலும் வைக்காமல் இரண்டடி நகர்த்திவிட்டு மறுபடி பாடுவது சுலபம்.

இதைவிடக் கெட்டது மேஜையிலிருந்தும் சுவரிலிருந்தும் திரும்பி வரும் ஒலி. நேராக மைக்கில் விழும் குரலுக்கும், மேஜையில் பட்டு வருவதற்கும் 35 சென்டிமீட்டர் தூர வித்தியாசம் என்றால் 500 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் விழும். பிறகு 1500, 2500 என்று சீராகப் பள்ளங்கள். பாடுபவர் தலையை அசைத்தால் பள்ளங்களும் நகரும். எந்த ஈக்யூவாலும் இதை நிரப்ப முடியாது. குரல் "குழாய்க்குள்" கேட்பதாகப் பலர் புலம்புவது பெரும்பாலும் இதுதான். லேப்டாப் மேஜை மேல் மைக் ஸ்டாண்டை வைக்காதீர்கள், வேறு வழியில்லை என்றால் மேஜையில் கனமான போர்வையை விரியுங்கள்.

ஃபோமைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு அங்குல ஃபோம் மேல் அலைவரிசைகளை மட்டும்தான் உறிஞ்சும். 200, 300-ல் இருக்கும் அடைப்பை அது தொடவே தொடாது. சுவரெல்லாம் ஒட்டிவிட்டுப் பாடினால் மேலே மங்கி, கீழே அதே குமுறல். அறை முன்பைவிட மோசமாகக் கேட்கும். அதே காசுக்கு இரண்டு கனமான ரஜாய் வாங்கி, பாடுபவரின் முதுகுக்குப் பின்னால், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளித் தொங்கவிடுங்கள். மைக்குக்குப் பின்னால் மாட்டும் வளைந்த கவசத்தைவிட இது எவ்வளவோ மேல். கார்டியாய்ட் மைக் (முக்கியமாக முன்பக்கத்தைப் பிடிக்கும் வகை) தன் பின்பக்கத்தை ஏற்கெனவே கேட்பதில்லை. அது பார்த்துக்கொண்டிருப்பது உங்களையும் உங்கள் பின்னாலிருக்கும் சுவரையும். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதற்கு முதுகு காட்டிப் பாடினாலும் போதும்.

வாய்க்கும் மைக்குக்கும் தூரம் 15 முதல் 20 சென்டிமீட்டர். உதட்டை ஒட்டிப் பாடினால் கார்டியாய்ட் மைக்கில் அடிப்பகுதி தானாக ஏறும். பல்லவியை ஒட்டியும் சரணத்தைத் தள்ளியும் பாடியிருந்தால் ஒரே ஈக்யூ இரண்டுக்கும் பொருந்தாது. பாப் ஃபில்டரை (வாயின் காற்றடியைத் தடுக்கும் வலை) மைக்கிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்து, அதைத் தாண்டி வாய் வராமல் பார்த்துக்கொண்டால் தூரம் தானாக நிலைக்கும். ஃபேனை அணைத்துவிடுங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள், எர்த் சரியில்லாத வீடுகளில் பாதி இரைச்சல் அந்தச் சார்ஜர் வழியாகத்தான் வருகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ரீங்காரம் 50-ல் மட்டும் நிற்காமல் 100, 150, 200 என்று ஏறும். 50-ஐ ஈக்யூவில் வெட்டிவிடலாம். 150-ஐ வெட்டப்போனால் குரலும் சேர்ந்து போகும்.

இப்போது ஈக்யூ. முதல் பேண்டை (ஈக்யூவில் தனியாக நகர்த்தும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு பேண்ட்) ஹை-பாஸாக, அதாவது ஒரு எண்ணுக்குக் கீழே இருப்பதை வெட்டும் வடிகட்டியாக மாற்றுங்கள். எல்லோரும் சொல்லும் "100 ஹெர்ட்ஸ்" யாருக்கு என்று யாரும் சொல்வதில்லை. நம்மிடம் கட்டைக் கணக்கு இருக்கிறது, அதை வைத்தே முடிவு செய்யலாம். ஒரு கட்டையில் ஆண் குரலின் மத்திய ஸட்ஜம் 131 ஹெர்ட்ஸ், மந்திர பஞ்சமம் 98. ஐந்து கட்டையில் பெண் குரலின் ஸட்ஜம் 196, மந்திர பஞ்சமம் 147. பாட்டில் வரும் மிகத் தாழ்ந்த ஸ்வரத்தைக் கண்டுபிடித்து, அதன் எண்ணில் எழுபது சதவீதத்தில் ஹை-பாஸை வையுங்கள். ஆணுக்கு மந்திர பஞ்சமம்வரை இறங்கும் பாட்டென்றால் 70, பெண்ணுக்கு 105 வாக்கில். ஆக்டேவுக்கு (ஒரு ஸ்தாயிக்கு) 12 டெசிபல் சரிவில் அந்தத் தாழ்ந்த ஸ்வரம் ஒரு டெசிபல் மட்டும் குறையும், கீழே இருக்கும் உறுமலும் ஸ்டாண்டைத் தட்டிய சத்தமும் போய்விடும். பாட்டு ஸட்ஜத்துக்குக் கீழே இறங்கவே இல்லையென்றால் பெண் குரலில் 135 வரைகூடத் தைரியமாக ஏற்றலாம். ஹை-பாஸ், சத்தம் கூடும்போது அமுக்கும் கம்ப்ரஸருக்கு முன்னால் இருக்கட்டும். பின்னால் வைத்தால், காதுக்கே கேட்காத உறுமலுக்கெல்லாம் கம்ப்ரஸர் குனிந்து, குரல் காரணமில்லாமல் அமுங்கி எழும். "ப்ப" வரும் இடத்தில் விழும் காற்றடிக்காக மொத்த ட்ராக்கின் ஹை-பாஸையும் ஏற்றாதீர்கள். அந்த ஒரு எழுத்தை மட்டும் வெட்டிப் பிரித்து, தொடக்கத்தில் சின்ன ஃபேட்-இன் (சத்தம் மெதுவாக ஏறுவது) கொடுத்தால் முடிந்தது.

அடுத்தது 200 முதல் 400 வரை. அடைப்பு, குமுறல், மண்டல் என்று எந்தப் பெயரில் சொன்னாலும் அது இங்கேதான். ம, ன போன்ற மூக்கொலிகளின் பலமும் 250, 300-ஐச் சுற்றியே திரள்வதால், "ம்" என்று முடியும் வரிகளில் இது பளிச்சென்று தெரியும். 2 முதல் 4 டெசிபல் வெட்டு, அகலம் ஒரு ஆக்டேவ். இங்கே ரீப்பர்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரீஈக்யூவில் அகலம் ஆக்டேவில் இருக்கும், மற்ற பெரும்பாலானவற்றில் க்யூ மதிப்பில். ஒரு ஆக்டேவ் என்றால் க்யூ 1.4. இரண்டு ஆக்டேவ் என்றால் 0.67. யாரோ வீடியோவில் "க்யூ 2" என்று சொன்னதைக் கேட்டு ரீஈக்யூ பெட்டியில் 2 என்று அடித்தால், அவர் சொன்னதைவிட மூன்று மடங்கு அகலமான குழி தோண்டியிருப்பீர்கள். குரலின் சதை காணாமல் போவதற்கு இது ஒன்றே போதும். க்யூ மதிப்பு தலைகீழாக ஓடும், எண் பெரிதானால் அகலம் குறையும் என்பதை நினைவில் வையுங்கள்.

எங்கே வெட்டுவது என்று தேட, ஒரு குறுகிய பேண்டை 12 டெசிபல் ஏற்றி இடமிருந்து வலமாக இழுத்து, அசிங்கமாகக் கேட்கும் இடத்தையெல்லாம் வெட்டும் வித்தை ஒன்று பரவலாக இருக்கிறது. எந்தக் குரலின் எந்த இடத்தையும் அப்படி ஏற்றினால் அசிங்கமாகத்தான் கேட்கும். கடைசியில் எட்டு இடத்தில் குழி தோண்டி, உயிரில்லாத குரலோடு உட்கார்ந்திருப்பீர்கள். அதற்குப் பதில் முதலில் ஈக்யூ இல்லாமல் கேட்டு, எது உறுத்துகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள்: "மூக்கடைப்பு", "காது குத்துகிறது", "வார்த்தை மங்கல்" என்று. அந்தக் குறை இருக்கக்கூடிய பகுதியில் ஒரு ஆக்டேவ் அகலத்தில் 4 டெசிபல் வெட்டி மெதுவாக நகர்த்துங்கள். குறை எங்கே மறைகிறதோ அங்கே நிறுத்தி, வெட்டைப் பாதியாக்குங்கள். மூக்கால் பாடுவதுபோல் இருந்தால் 800 முதல் 1200-க்குள் பாருங்கள். அங்கே 2 டெசிபலுக்கு மேல் வெட்டினால் பாடுபவரின் அடையாளமே மாறும். சில குரல்களுக்கு அந்த மூக்குதான் அழகு, விட்டுவிடுங்கள்.

ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு: சத்தம். 3 கிலோஹெர்ட்ஸில் 4 டெசிபல் ஏற்றினால் மொத்தக் குரலும் சத்தமாகிறது, சத்தமானது எப்போதும் நன்றாகக் கேட்கும். சத்த அளவைப் பொறுத்து அடிப்பகுதியையும் மேல்பகுதியையும் காது வேறுவிதமாக எடைபோடுகிறது என்பதை 1933-லேயே ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு பிளக்-இன்னின் அவுட்புட் கெயினை (வெளிவரும் சத்த அளவை) சரிசெய்து, பைபாஸ் (பிளக்-இன்னை அணைப்பது) போட்டாலும் எடுத்தாலும் ஒரே சத்தம் என்று ஆன பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள். இந்தச் சோதனையில் பாதி ஏற்றங்கள் தேவையில்லை என்று தெரிந்துவிடும். எரிச்சலாக இருக்கும், ஆனால் செய்யுங்கள். ஒப்பிடுவதற்கு வெளிவந்த பாட்டு ஒன்றை ட்ராக்கில் போட்டால், அது மாஸ்டரிங் ஆகி, அதாவது கடைசிக் கட்டத்தில் சத்தம் கூட்டப்பட்டு வந்தது என்பதால் 6 முதல் 10 டெசிபல் வரை இறக்கிவைத்துக் கேளுங்கள்.

குரலை சோலோ போட்டு ஈக்யூ பண்ணுவது நேரத்தைத் தின்னும் இன்னொரு பழக்கம். தனியாகக் கேட்கும்போது தேனாக இருக்கும் குரல் ட்ராக்கில் மூழ்கும். வார்த்தைத் தெளிவு 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது. கீபோர்டும் வயலினும் தம்பூராவின் ஜீவாளி ரீங்காரமும் அதே இடத்தில்தான் நிற்கின்றன. குரலில் 5 டெசிபல் ஏற்றிக் காதைக் கிழிப்பதைவிட, கரோக்கே ட்ராக்கில் 2.5 கிலோஹெர்ட்ஸில் ஒன்றரை, இரண்டு டெசிபல் அகலமாக இறக்குங்கள். மிட்-சைட் வசதியுள்ள (நடுவையும் ஓரத்தையும் தனித்தனியாக மாற்றும்) ஈக்யூ என்றால் மிட்டில் மட்டும் இறக்குங்கள், குரல் நிற்பது நடுவில்தானே. ஓரத்திலிருக்கும் வாத்தியங்கள் அப்படியே இருக்கும், குரலுக்கு நாற்காலி கிடைத்துவிடும். பிறகு குரலில் ஒரு டெசிபல் ஏற்றினாலே போதும்.

மேல்பகுதியில் இரண்டு கண்ணிகள். முதலாவது மைக். குறைந்த விலைப் பெரிய கண்டென்சர் மைக்குகள் பலவற்றில் இருப்பது ஜெர்மன் மைக் நிறுவனமான நாய்மனின் கே67 காப்ஸ்யூலை (ஒலியைப் பிடிக்கும் பகுதி) பார்த்துச் செய்தது. அந்தக் காப்ஸ்யூலின் மேல்பகுதி இயல்பிலேயே தூக்கலானது. 1960-ல் வந்த யு 67 மைக்கில் அந்தத் தூக்கலைச் சமன்செய்ய உள்ளேயே ஒரு சர்க்யூட் இருந்தது. மலிவுப் பிரதிகள் பலவற்றில் காப்ஸ்யூல் மட்டும் இருக்கும், சமன்செய்யும் பகுதி இருக்காது. அதனால் 8 முதல் 12 கிலோஹெர்ட்ஸ் ஏற்கெனவே கூர்மை. வீடியோவில் சொன்னார்கள் என்று அங்கே இன்னும் 4 டெசிபல் ஏற்றினால் "ஸ" எல்லாம் ஊசி. இப்படிப்பட்ட மைக்குக்கு 10-ல் 2 டெசிபல் இறக்கினாலே விலை கூடிய மைக்போல் ஆகிவிடும். புது மைக் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

இரண்டாவது கண்ணி கரோக்கே ட்ராக். 128 கேபிபிஎஸ் எம்பி3-யாக இறக்கியது என்றால் அதில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது, அதற்குக் கீழும் மங்கல்தான். அதன்மேல் உங்கள் குரலில் 12-க்கு மேல் பளபளப்பு ஏற்றினால், இரண்டும் வேறு வேறு அறையில் நடப்பதுபோல் கேட்கும். குரல் "ஒட்டவில்லை" என்று ரிவெர்பை (எதிரொலி விளைவை) ஏற்றிக்கொண்டே போவோம், ஒட்டாது. வோக்செங்கோவின் ஸ்பான் என்ற இலவச அனலைசரை (அலைவரிசைகளை வரைபடமாகக் காட்டுவது) மாஸ்டரில், அதாவது எல்லா ட்ராக்கும் சேரும் இடத்தில் போட்டு, ட்ராக் எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டு, குரலின் மேல்பகுதியையும் அதற்கேற்பச் சற்று இறக்குங்கள். அனலைசரை நான் நம்புவது இந்த மாதிரி விஷயத்துக்கு மட்டும்தான். வளைவு அழகாக வர வேண்டும் என்று அதைப் பார்த்து ஈக்யூ பண்ண ஆரம்பித்தால் காது வேலைநிறுத்தம் செய்துவிடும்.

"ஸ", "ஷ" சீறலை நிரந்தர வெட்டால் தீர்க்க முடியாது. 7 கிலோஹெர்ட்ஸை 5 டெசிபல் இறக்கினால் எல்லா மெய்யெழுத்தும் மழுங்கி, பாடுபவருக்குப் பல் விழுந்ததுபோல் ஆகும். டீ-எஸ்ஸர் (சீறலை மட்டும் அமுக்குவது) அல்லது நோவாவின் டைனமிக் பேண்ட் இரண்டு வையுங்கள். ஒன்று 6 முதல் 9 கிலோஹெர்ட்ஸ்வரை, "ஸ" என்ற எழுத்துக்காக. இன்னொன்று 3.5 முதல் 5 வரை. "ஷ" இன்னும் கீழே இருப்பது, 7-ல் வைத்த டீ-எஸ்ஸரின் கண்ணில் படாமல் தப்பித்துவிடும். பக்திப் பாடல்களில், சுலோகங்களில் இது ரொம்பவே தெரியும். மீட்டரில் 3 முதல் 5 டெசிபல் குறைந்தால் போதும். அப்படியும் நீட்டிக்கொண்டு நிற்கும் நாலைந்து "ஸ" இருந்தால் அந்த இடத்தின் வால்யூமைக் கையாலேயே இறக்குங்கள். கால் மணி நேரம் பிடிக்கும், எந்தப் பிளக்-இன்னும் இவ்வளவு சுத்தமாகச் செய்யாது. மேல்பகுதியை முழுதாக ஏற்றும் ஷெல்ஃப் பேண்ட் இருந்தால் அது டீ-எஸ்ஸருக்கு முன்னால் வரட்டும். அடக்கியதைப் பின்னால் போய் மறுபடி ஏற்றி என்ன பயன்?

சரணத்தில் தார ஸ்தாயிக்கு ஏறும்போது குரல் வேறு குரலாகிறது. அடிப்பகுதி தானாக மெலியும், 2.5 முதல் 3.5 கிலோஹெர்ட்ஸில் ஒரு கத்தி முளைக்கும். பல்லவிக்குப் போட்ட ஈக்யூவை இதற்கும் போட்டால் காது கூசும். அதைச் சரிசெய்யப் போனால் பல்லவி மங்கும். இந்த இழுபறியிலேயே பல இரவுகள் போகும். உச்ச வரிகளை வெட்டி வேறு ட்ராக்கில் போட்டு, அங்கே 300-ன் வெட்டைப் பாதியாக்கி, 3 கிலோஹெர்ட்ஸில் 2, 3 டெசிபல் இறக்குங்கள். இரண்டு ட்ராக்கையும் ஒரே பஸ்ஸில் (பல ட்ராக் சேரும் பொதுத் தடம்) சேர்த்து, கம்ப்ரஸரையும் ரிவெர்பையும் பஸ்ஸில் வையுங்கள். சேரும் இடம் தெரியாது.

கேட்கும் கருவியையும் கணக்கில் எடுங்கள். அடிப்பகுதியைத் தூக்கிக் காட்டும் ஹெட்ஃபோனில் உட்கார்ந்து 200-ஐ வெட்டிக்கொண்டே போனால், காலையில் போனில் சதை இல்லாமல் கேட்பதில் ஆச்சரியமில்லை. போன் ஸ்பீக்கரில் 200-க்குக் கீழே பெரிதாக ஒன்றும் வராது, அதனால் அடிப்பகுதியை அதில் முடிவு செய்யாதீர்கள். வார்த்தை தெரிகிறதா, "ஸ" குத்துகிறதா என்பதற்கு மட்டும் போன். குமுறலுக்கு கார் ஸ்பீக்கர். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து போய்விட வேண்டும், அதற்குள் காது கூர்மைக்குப் பழகி இன்னும் கூர்மை கேட்க ஆரம்பித்துவிடும். ராத்திரி பதினொன்றுக்கு மேல் செய்த மேல்பகுதி ஏற்றத்தைக் காலையில் பாதியாகக் குறைப்பது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம், பத்தில் எட்டு முறை சரியாகவே இருக்கும்.

கோரஸ், ஹார்மனி ட்ராக்குகளுக்கு மட்டும் இந்த மென்மை வேண்டாம். ஹை-பாஸை 200-க்கு ஏற்றி, 3 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபல் இறக்கி, "ஸ" வரும் இடங்களை ஒரு ட்ராக்கில் மட்டும் விட்டு மற்றவற்றில் ஃபேட் போட்டு அமுக்குங்கள். நான்கு பேர் நான்கு நேரத்தில் சீறுவதை எந்த ஈக்யூவும் ஒன்றாக்காது.